அன்று குறுந்தகடு, இன்று பென்டிரைவ்

2008-இல் உத்திரமேரூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, தாலுகா ஆபீஸ் மனு, பள்ளிக்கூட வினாத்தாள் என்று நாள் முழுக்க வேலை இருக்கும். அந்தச் சமயத்தில்தான் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் குறுந்தகடு தபாலில் வந்து சேர்ந்தது. அப்போது கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்பினார்கள். அந்த ஏற்பாடு 2011-இல் நின்றுபோனது.

குறுந்தகட்டைப் போட்டதும் திரை தெளிவாக வந்தது, மவுஸ் நகர்ந்தது, பாட்டும் கேட்டது. மோடமும் பிரிண்டரும் மட்டும் அசையவில்லை. விலை குறைந்த மோடம் தன் வேலையில் பாதியை விண்டோஸில் ஓடும் மென்பொருள் தலையில் கட்டிவிடும். அதற்கு 'வின்மோடம்' என்றே பெயர். எங்கள் பிரிண்டரும் அதே ஜாதி. பக்கத்தைப் புள்ளிகளாக்கும் கணக்கைக் கணினிதான் போட வேண்டும். அந்தப் புள்ளிகளைப் பிரிண்டருக்கு எப்படி அனுப்புவது என்பதைத் தயாரித்தவர்கள் வெளியே சொல்லவில்லை. சொல்லாததை ஊகித்து ஊகித்துத்தான் டிரைவர் எழுத வேண்டும்.

இப்படி மூடிவைக்கும் கதையில் பிரிண்டருக்குப் பழைய பங்கு உண்டு. 1980 வாக்கில் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு வந்த லேசர் பிரிண்டரின் மூலநிரல் கிடைக்காமல் போனதுதான், ரிச்சர்ட் ஸ்டால்மனைக் கட்டற்ற மென்பொருள் பக்கம் தள்ளிய காரணங்களில் ஒன்று.

மென்பொருள் சிக்கல் இன்னும் பெரிது. பத்திரிகைகள் எல்லாம் பேஜ்மேக்கர் கோப்புகள். அந்த மென்பொருள் லினக்ஸுக்கு இல்லை. தமிழ் எழுத்துருக்களோ ஆளுக்கொரு குறியீட்டில் இருந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், மணமக்கள் பெயர் வெறும் கிறுக்கலாக நிற்கும். 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தமிழக அரசு தமிழ்க் குறியீட்டுத் தரமாக அறிவித்தது. லினக்ஸில் பக்க வடிவமைப்புக்கு இருக்கும் ஸ்கிரைபஸில் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் உட்கார, 2017-இல் வந்த 1.5.3 பதிப்பு வரை பொறுக்க வேண்டியிருந்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. புதிய பிரிண்டர்கள் பலவும் தனி டிரைவர் இல்லாமலே லினக்ஸில் அச்சிடுகின்றன. அதற்குக் கைப்பேசி ஒரு முக்கியக் காரணம். ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒரு டிரைவரைக் கைப்பேசியில் ஏற்ற முடியாது என்பதால், தயாரிப்பாளர்கள் பொது முறைக்கு வந்தார்கள். அதன் பலன் லினக்ஸுக்கும் கிடைத்தது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளை லினக்ஸ் இன்னும் பல ஆண்டுகள் ஓட்டும். மாற நினைப்பவர்கள் முதலில் லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து இயக்கி வைஃபை, பிரிண்டர், ஸ்கேனர் மூன்றையும் சோதித்துப் பாருங்கள். அதற்கு ஹார்ட் டிஸ்கைத் தொடவே வேண்டாம்.

ஆனாலும் சில கைரேகைக் கருவிகளும் கணக்கு மென்பொருள்களும் விண்டோஸை விட்டு நகர மறுக்கின்றன. லினக்ஸ் எழுதுகிறவர்களுக்குத் திறமை போதாமல் அல்ல. கருவி கணினியோடு பேசும் முறை பூட்டிக் கிடப்பதால். குடவோலைத் தேர்தலில் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பதைப் பத்தாம் நூற்றாண்டிலேயே எல்லோரும் பார்க்கக் கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். மக்கள் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு கருவிக்கும் நாம் கேட்க வேண்டியது அந்த வெளிப்படைத்தன்மையைத்தான். பேச்சுமுறையை வெளியிடாத கருவியை வாங்க மாட்டோம் என்று அரசு டெண்டரில் ஒரு வரி சேர்த்தால், எழுதப்படாமல் கிடக்கும் டிரைவர்கள் பலவற்றுக்கு வழி பிறக்கும்.