கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா?

இந்தப் பேர்வழிக்குக் கட்டடம் வேண்டும். கட்டடத்துக்கு முன்னால் ஒரு ஈ, காக்கை இருக்கக் கூடாது.

கழுத்தில் கேமரா, தோளில் முக்காலி, ஃபிளாஸ்கில் தேநீர், வெயிலடித்தாலும் கழற்றாத மழைக்கோட்டு. இங்கிலாந்தில் எந்தச் சிற்றூர்த் தேவாலய வாசலுக்குப் போனாலும் ஒருத்தர் இப்படி நிற்பார். எங்கள் செஸ்டர்ஃபீல்டில் கேட்கவே வேண்டாம். தூய மரியாள், சகல பரிசுத்தவான்கள் ஆலயத்தின் 228 அடிக் கூம்புக் கோபுரம் 45 பாகை திருகிக்கொண்டு, உச்சி ஒன்பதரை அடி சாய்ந்து நிற்கிறது. கேமராக்காரர்கள் விடுவார்களா?

பெஞ்சில் உட்கார்ந்து சிப்ஸ் தின்கிறவன் பொட்டலத்தோடு எழுந்து போக வேண்டும். தள்ளுவண்டியில் பிள்ளையை இப்போதுதான் தூங்கவைத்த தாய் நகர வேண்டும். நகர்த்தினால் முழித்துக்கொள்ளும் என்று அவள் கையாலேயே கெஞ்சுவாள். “மன்னிக்கணும், ஒரே ஒரு நிமிஷம்” என்பார் இவர், அத்தனை பணிவாக. அந்த ஒரு நிமிஷம் எப்போது முடியும் என்பது மேகத்தின் கையில் இருக்கிறது.

மனிதர்களாவது முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள். வாகனங்கள்தான் அவருடைய ஜன்மப் பகை. திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தியே விலகிக் கொடுத்தது. இங்கே ஒரு வெள்ளை வேன் விலகாது. வண்டி நிறுத்தக் கூடாது என்று போட்ட இரட்டை மஞ்சள் கோட்டின் மேலேயே நிறுத்திவிட்டு, அதன் சொந்தக்காரர் எங்கோ குழாய் ரிப்பேர் செய்துகொண்டிருப்பார். இவர் ஃபிளாஸ்கைத் திறப்பார். முதல் கோப்பை முடிகிற நேரத்தில் வேன் கிளம்பும், கூடவே வெயிலும் கிளம்பிவிடும். வெயில் திரும்பி வந்தால் பஸ் வந்து நிற்கும். பஸ் போனால் பள்ளிக்கூடம் விடும். இரண்டாவது கோப்பை. நவம்பரில் நாலு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும் நாட்டில் இந்தப் பொறுமையை என்னவென்று சொல்வது!

சக்கரம் வைத்த குப்பைத்தொட்டி என்றால் பொறுமைக்கே வேலையில்லை. தானே உருட்டிக்கொண்டுபோய்ச் சந்துக்குள் மறைத்துவிடுவார். படம் எடுத்தபின் திருப்பி வைக்கலாமல்லவா? வைக்க மாட்டார். எங்கள் தொட்டியும் ஒரு தடவை அப்படிக் காணாமல் போனது. குப்பை வண்டி வந்தது, பார்த்தது, போய்விட்டது. அடுத்த வண்டி வர இரண்டு வாரம். மீன் தலைகளை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாட்டை இங்கே எழுதினால் நகைச்சுவையாக இருக்காது.

சனிக்கிழமை கல்யாணங்களில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்த ஊரில் ஒரு குசும்புக் கதை உண்டு. ஒரு காலத்தில் உண்மையான கன்னிப்பெண் ஒருத்தி இங்கே மணமுடிக்க வந்தாளாம். நம்ப முடியாமல் கோபுரமே திரும்பிப் பார்த்ததாம். அப்படியே நின்றுவிட்டதாம், இன்னொருத்தி வந்தால்தான் நிமிருமாம். கோபுரமே திரும்பிப் பார்த்த கல்யாணப்பெண்ணை நம்மவர் பார்ப்பதில்லை. அவள் முக்காடு காற்றில் பறந்து வாசல் வளைவை மறைக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்.

கோபுரம் ஏன் திருகியது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1362 வாக்கில் எழுப்பியது. காயாத பச்சை ஓக் மரம். குறுக்குச் சட்டங்கள் போதவில்லை. அதன் தலையில் 33 டன் ஈயத்தகடு. தெற்குப் பக்கம் வெயில் பட்டு ஈயம் விரிகிறது. 1349இன் கொள்ளைநோயில் கைதேர்ந்த தச்சர்கள் செத்துப்போய், அரைகுறையாகத் தெரிந்தவர்கள் கட்டியதால்தான் இப்படி என்பாரும் உண்டு. எல்லாம் சொல்வார். அவர் எடுத்த படங்களைப் பார்த்தால் அந்தக் கொள்ளைநோய் போன வாரம்தான் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனது என்று தோன்றும்.

முக்காலியில் ரசமட்டம் வேறு வைத்திருக்கிறார். மயிரிழை பிசகாமல் மட்டம் பார்த்து எடுப்பார். வெளியூர்க்காரன் ஒருவன் படத்தைப் பார்த்து, “கேமரா சாய்ஞ்சுடுச்சு போல” என்பான். அன்றைக்கு மட்டும் எனக்கு அவர்மேல் இரக்கம் வரும்.

இன்னொரு நேரத்திலும் வரும். எந்த ஊர்த் தேவாலயத்துக்குப் போனாலும் சுவரோரமாக மண்டியிடுவார். பார்க்கிறவர்கள் ஜெபம் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். அவர் தேடுவது கல்லில் வெட்டிய ஒரு சின்னக் கோடு, அதைக் கீழேயிருந்து தொடும் ஓர் அம்புக்குறி. ஆர்ட்னன்ஸ் சர்வே அளவையாளர்கள் அந்த இடத்தின் உயரத்தைக் குறித்துவைத்த அடையாளம். கார்ன்வாலின் நியூலின் துறைமுகத்துக் கடல்மட்டத்திலிருந்து கணக்கு. பாசியை விரலால் மெல்லத் தேய்த்து, கோடு தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கன்னமெல்லாம் சிவந்துபோயிருந்தது. அங்கே யாரும் குறுக்கே நிற்பதில்லை என்பதாலோ என்னவோ, அப்போது நல்ல மனுஷராகத்தான் இருக்கிறார்.

ஆனால் சந்தையை அவர் எடுத்த விதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. இங்கிலாந்தின் பெரிய திறந்தவெளிச் சந்தைகளில் ஒன்று எங்களுடையது. 1857இல் கட்டிய சந்தை மண்டபம், அதன் முன்னால் வரிசை வரிசையாகக் கடைகள். இவர் போவது ஜூன் மாதத்து ஞாயிறு, விடிகாலை ஐந்து மணி. கூடாரச் சட்டங்கள் தெரியும், கற்கள் தெரியும், கடிகாரம் தெரியும். ஒரு முட்டைக்கோஸ்கூடத் தெரியாது.

அங்கே காலமெல்லாம் பூ விற்ற ஒரு கிழவி இறந்துபோனபின், மகள் இவரிடம் வந்து கேட்டாள்: “அம்மா கடையில நிக்கிற மாதிரி ஒரு படம் இருக்குமா?” மனிதர் நிஜமாகவே தேடினார். கணினியில் ஆண்டுவாரியாகப் போட்டு, கோணம் கோணமாகத் தேடினார். கிழவி கடை போடும் மூலை பல படங்களில் இருந்தது, துடைத்துவைத்தது போல.

“உங்க அம்மா வந்து கடை விரிக்கிற நேரத்துக்கு,” என்றார் வருத்தத்தோடு, “வெளிச்சம் கெட்டுப்போயிருக்கும்.”