இருநூறு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள்!

கே: பிளாஸ்டிக்கில் போர்க்கப்பல் செய்வதெல்லாம் சின்னப் பிள்ளைகள் விளையாட்டுத்தானே? (வங்கி ஊழியர், கரூர்)

ப: 700-ல் ஒன்று அளவில் ஒரு மாலுமியின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர். அவரைத் தளத்தில் நேராக நிறுத்திக் காட்டிவிட்டு இந்தக் கேள்வியை மறுபடி கேளுங்கள்.

கே: புதிதாகத் தொடங்குகிறேன். 350-ல் ஒன்றா, 700-ல் ஒன்றா? (கல்லூரி மாணவர், திருச்சி)

ப: 700-ல் ஒன்று. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. ஜப்பானின் யமாட்டோ 263 மீட்டர் நீளம். 350-ல் ஒன்றில் அது 75 செ.மீ. டி.வி. மேஜையைக் காலி செய்ய வேண்டும், அதற்கு முன் வீட்டாரோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டும். 700-ல் ஒன்றில் முப்பத்தேழரை செ.மீ.தான். புத்தக அலமாரியில் ஒரு தட்டு போதும்.

இந்த அளவுக்கு ஓர் அழகான பின்கதை உண்டு. 1971-ல் ஜப்பானின் ஷிசுவோகா ஊர்க் கம்பெனிகள் நான்கு (தமியா, ஹசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி) ஒன்றுகூடி, 'இந்தக் கப்பல் உனக்கு, அந்தக் கப்பல் எனக்கு' என்று ஜப்பானியக் கடற்படையையே பாகம் பிரித்துக்கொண்டன. எல்லாம் ஒரே அளவு, எல்லாம் நீர்மட்டத்துக்கு மேலே மட்டும். கடையில் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கிற கம்பெனிகள்! அந்த ஒப்பந்தத்தின் புண்ணியத்தில்தான் நான்கு பேர் செய்த கப்பல்களை ஒரே வரிசையில் நிறுத்தி, எது பெரிது எது சிறிது என்று இன்று நாம் பார்க்கிறோம். ஒரு டிஸ்ட்ராயரில் ஆரம்பியுங்கள். யமாட்டோ காத்திருக்கும்.

கே: எந்தப் பசை நல்லது? (சேலம்)

ப: பிளாஸ்டிக்குக்கு பிளாஸ்டிக் சிமென்ட், பித்தளைக்கு சூப்பர் க்ளூ, எதுவானாலும் ஊசிமுனை அளவு.

கே: கப்பலில் துரு வழிவதுபோலப் பெயின்ட் அடிப்பது எப்படி? நிறைய வேண்டும்! (தூத்துக்குடி)

ப: 'நிறைய வேண்டும்'! இந்தப் பகுதியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும், இதைக் கேட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன் என்று. கணக்குப் போடுவோம். 700-ல் ஒன்று மாடலைக் கண்ணிலிருந்து 30 செ.மீ. தள்ளி வைத்துப் பார்க்கிறீர்கள். 30 செ.மீட்டரை 700-ஆல் பெருக்குங்கள். 210 மீட்டர். அதாவது, இருநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு கப்பலைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் ஊரில் துறைமுகம் இருக்கிறது. அந்தத் தூரத்தில் நிற்கிற கப்பலில் எவ்வளவு துரு தெரிகிறது என்று பாருங்கள். நங்கூரச் சங்கிலி இறங்கும் ஓட்டைக்குக் கீழே ஒரு கீற்று இருக்கும். தண்ணீர் வெளியேறும் துவாரங்களுக்குக் கீழே கறை கொஞ்சம் இருக்கும். அதுவும் சரக்குக் கப்பலில்! போர்க்கப்பலில் நூற்றுக்கணக்கான ஆட்கள் இருக்கிறார்கள். துருவைச் சுரண்டவும் பெயின்ட் அடிக்கவும் அவர்களை விரட்டுவதற்கு அதிகாரிகளும் இருக்கிறார்கள்.

இதே கணக்கை மற்றதற்கும் போடுங்கள், கண் திறந்துவிடும். தகடுகள் சேரும் இடம் என்று சில கிட்டுகளில் 0.2 மி.மீ. அகலத்தில் கோடு கீறியிருப்பார்கள். நிஜக் கப்பலில் அது 14 செ.மீ. கையே நுழையும். அப்படிப்பட்ட கப்பல் துறைமுகத்தைத் தாண்டுமா? அரை மி.மீ. தடிமனில் பிளாஸ்டிக் கைப்பிடிக் கம்பி கொடுப்பார்கள். நிஜத்தில் 35 செ.மீ. புயலில் மாலுமி பிடித்துக்கொள்ளக் கம்பி கேட்டால் தென்னை மரத்தையா நட்டுவைப்பது? அமில அரிப்பில் செய்த பித்தளைக் கம்பித் தகடு வாங்குங்கள். அதற்கும் மனம் வரவில்லையென்றால் கம்பியே வேண்டாம். 210 மீட்டரில் தெரியாததைச் செய்யாமல் விடுவதும் மாடல் கலையில் பாதி.

கே: கொடிமரக் கயிறுகளுக்குத் தையல் நூல் போதுமா? (தையல் ஆசிரியை, ஈரோடு)

ப: உங்கள் தொழிலுக்கு மரியாதை செய்துவிட்டே சொல்கிறேன், போதாது. சாதாரணத் தையல் நூலுக்குப் பஞ்சுப் பிசிறு உண்டு. வாக்கியத்தைப் படித்து முடிக்கும் முன் மேலே சொன்ன கணக்கைப் போட்டிருப்பீர்கள்: 0.2 மி.மீ. நூல் 14 செ.மீ. வடம் ஆகிவிடும்.

இதற்கு வழி, பாகங்களை வெட்டியெடுத்த பிறகு நீங்கள் குப்பையில் போடுகிற ஸ்ப்ரூ என்ற பிளாஸ்டிக் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு சாண் நீளம் நறுக்கி, மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடர் படாமல், இரு விரலால் உருட்டிக்கொண்டே பிடியுங்கள். முதலில் பளபளக்கும், பிறகு நடுவில் தொய்யும். தொய்ந்ததும் சுடரை விட்டு வெளியே எடுத்து, ஒரு நொடி பொறுத்து, இரு கையாலும் இழுங்கள். மெதுவாக இழுத்தால் ஆன்டெனா கம்பம், வேகமாக இழுத்தால் தலைமுடியை விட மெல்லிய இழை. இழுத்தபடியே ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். விட்டால் சுருண்டுகொள்ளும். கண்ணெதிரே கழிவு கயிறாகிறதே, அதற்கு ஈடான சந்தோஷம் இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு வேறெதிலும் இல்லை.

ஒட்டிய பிறகு இழை தொங்குகிறதா? ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, கங்கு முனையை இழைக்குக் கீழே, தொடாமல், ஒரு கணம் காட்டுங்கள். விறைத்துக்கொள்ளும். இன்னொரு கணம் காட்டினால் அறுந்துவிடும்.

கே: இடுக்கியிலிருந்து பாகம் தெறித்துக் காணாமல் போகிறது. என்ன செய்ய? (மதுரை)

ப: பேன்ட்டைக் கழற்றிவிட்டு லுங்கி கட்டிக்கொண்டு சம்மணமிட்டு உட்காருங்கள், முக்கால்வாசி மடியிலேயே விழும்.

கே: போர்க்கப்பல் என்றாலே சாம்பல் நிறம். ஒரு டப்பா சாம்பல் போதாதா? (ஓய்வுபெற்ற பொறியாளர், கோயம்புத்தூர்)

ப: எந்தச் சாம்பல் ஐயா? ஜப்பானில் குரே கடற்படைத் தளத்துச் சாம்பல் வேறு, சசெபோ வேறு, மைசுரு வேறு, யோகோசுகா வேறு. தமியா நாலுக்கும் தனித்தனி டப்பா விற்கிறது, நான் நாலையும் வாங்கி வைத்திருக்கிறேன். முதல் உலகப் போரிலோ சாம்பலே போதவில்லை. 1917-ல் நார்மன் வில்கின்சன் என்ற ஆங்கிலேயக் கடலோவியர், கப்பலெங்கும் தாறுமாறாகப் பட்டை அடிக்கச் சொன்னார். ஒளிந்துகொள்வதற்கு இல்லை. எந்தப் பக்கம் போகிறது, என்ன வேகத்தில் போகிறது என்று நீர்மூழ்கிக்காரனைக் குழப்புவதற்கு.

பட்டை என்றதும் ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க். கறுப்பு வெள்ளைப் பட்டையோடு எத்தனை பிஸ்மார்க் மாடல்கள், அத்தனையும் பிரிட்டனின் ஹூட் கப்பலோடு சண்டை போடுவதாக! பால்டிக் கடலில் இருந்த அந்தப் பட்டைகளை 1941 மே 21 அன்று நார்வேயின் பெர்கன் அருகே நின்றபோது சாம்பல் பூசி மறைத்துவிட்டார்கள். ஹூட் மூழ்கியது மே 24. பட்டை வேண்டுமென்றால் பால்டிக்கில் நிறுத்துங்கள், ஹூட் வேண்டுமென்றால் சாம்பல் அடியுங்கள். தேதியை முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு டப்பாவைத் திறங்கள்.

கே: என் மகள் கப்பலுக்கு இளஞ்சிவப்புதான் அடிப்பேன் என்கிறாள். (தஞ்சாவூர்)

ப: அடிக்கட்டும். 1940-ல் மவுண்ட்பேட்டன் தன் டிஸ்ட்ராயர்களுக்கு அடித்த நிறம் அது. அவர் பிற்பாடு இந்தியாவுக்கு வைஸ்ராயாகவே வந்துவிட்டார்.

கே: சென்னையில் குண்டு போட்ட எம்டனுக்கு கிட் உண்டா? புகைபோக்கி மூன்றா, நான்கா? நண்பர்களுக்குள் பந்தயம். (மயிலாப்பூர்)

ப: இரண்டு பக்கமும் பந்தயப் பணத்தை வைத்திருங்கள்.

கிட் உண்டு. ரெவல் கம்பெனி 350-ல் ஒன்றில் போட்டிருக்கிறது. கப்பல் 118 மீட்டர்தான் என்பதால் மாடல் 34 செ.மீ.க்குள் அடங்கிவிடும். 350-ஐ எதிர்க்கிற நானே இதற்குச் சம்மதம் தருகிறேன். ஜெர்மனி கட்டியபடி எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. 1914 போரில் துணியும் மரமும் வைத்து நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கி செய்து தூக்கி நிறுத்தினார்கள், நான்கு புகைபோக்கி கொண்ட பிரிட்டிஷ் க்ரூஸர் மாதிரித் தெரியட்டும் என்று. யோசனை, முதன்மை அதிகாரி முக்கேயுடையது. அக்டோபர் 28 விடியற்காலையில் அந்த நாலோடுதான் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, உள்ளே இருந்த ரஷ்யாவின் ஜெம்சுக்கை மூழ்கடித்தது. ஆகவே நான்கு என்றவர் பினாங்குக்கு ஜெயித்தார், மூன்று என்றவர் கப்பல் கட்டிய கம்பெனிக்கு ஜெயித்தார்.

நான்காவதைக் காகிதத்தில் சுருட்டி, கழற்றி மாட்டும்படி செய்யுங்கள். கொஞ்சம் தொளதொளவென்று இருக்கட்டும், துணிதானே.

வண்ணம் இன்னும் முக்கியம். பெட்டி வாங்கியதும் எல்லோருக்கும் வெள்ளை உடம்பும் மஞ்சள் புகைபோக்கியுமாகச் செய்ய ஆசை வரும். அது சீனாவின் சிங்தாவில் அமைதிக்காலத்தில் போட்டிருந்த உடை. 1914 செப்டம்பர் 22 இரவு நம் கடற்கரைக்கு முன்னால் விளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனபோது அது சாம்பல் பூசிய கப்பல். உயர் நீதிமன்றச் சுவரில் அந்த இரவுக்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. மயிலாப்பூரிலிருந்து எவ்வளவு தூரம்? பந்தயப் பணத்தில் ஆட்டோ பிடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கே: கப்பலின் அடிப்பாகமும் சேர்த்துச் செய்தால்தானே முழுமை? (நாகர்கோவில்)

ப: அடிப்பாகம் மீன்களுக்கு. நமக்கு நீர்மட்டத்துக்கு மேலே. அலுமினியத் தாளைக் கசக்கிப் பிரித்து, கருநீலமும் பச்சையும் அடித்து, மேலே பளபளப்பு வார்னிஷ் பூசினால் கடல் தயார். முகப்பிலிருந்து விரியும் அலைக்கு மட்டும் ஸ்கேல் வையுங்கள்: ஆழ்கடலில், கப்பலின் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் சுமார் 19.5 டிகிரி. லார்ட் கெல்வின் போட்ட கணக்கு.

கே: நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவள். எங்கட கடலுக்குள்ள கிடக்கிற ஹெர்மெஸ் கப்பலைச் செய்ய விருப்பம். அத்தனை பேர் செத்த கப்பலை அலமாரியில வைக்கிறது பிழையோ? (மட்டக்களப்பு)

ப: பிழையில்லை, தங்கச்சி. ஆனால் இதைக் கேட்டுவிட்டுச் செய்கிற உங்களைப் போன்றவர்கள் செய்தால்தான் அது சரியாக வரும் என்று நினைக்கிறேன்.

விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல், பிரிட்டனின் ஹெர்மெஸ். 1942 ஏப்ரல் 8 இரவு, ஜப்பானிய விமானங்கள் வரப்போகின்றன என்று திருகோணமலையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். மறுநாள் காலை மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானியர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றைக்கு அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. அதன் சுவோர்ட்ஃபிஷ் விமானங்கள் கரையில் நின்றன. காப்பாற்ற வந்திருக்க வேண்டிய போர் விமானங்களும் நேரத்துக்கு வரவில்லை. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. 307 பேர் போனார்கள். கூடவே சென்ற ஆஸ்திரேலிய டிஸ்ட்ராயர் வாம்பையரும் மூழ்கியது. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் வந்து, தப்பியவர்களில் அறுநூறு பேர் அளவுக்குத் தூக்கி எடுத்தது.

அவோஷிமா 700-ல் ஒன்றில் இந்தக் கப்பலைக் கொடுத்திருக்கிறது. மாடல் 26 செ.மீ. வரும். பெட்டியில் சின்னச் சின்ன விமானங்கள் இருக்கும், அழகாக இருக்கும், அடுக்கத் தோன்றும். ஒட்டாதீர்கள். ஏப்ரல் 9 ஹெர்மெஸுக்குத் தளம் வெறுமையாக இருக்க வேண்டும். பார்க்க வருகிறவர் 'ஏன் விமானமே இல்லை?' என்று கேட்பார். நீங்கள் சொல்லுவீர்கள். அந்த ஆட்களைப் பற்றி உங்கள் வீட்டில் ஒருவர் கேட்டு ஒருவர் சொல்வதற்கு அந்த 26 செ.மீ. காரணமாக இருக்குமென்றால், அதை அலமாரியில் நடுத்தட்டிலேயே வையுங்கள்.

கே: மழைக்காலத்தில் பெயின்ட் அடித்தால் வெள்ளையாகப் பூக்கிறதே? (அண்ணாநகர்)

ப: லாக்கர் வகை பெயின்ட் ஈரக்காற்றில் அப்படித்தான் பூக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெட்டுங்கள், தேயுங்கள், ஒட்டுங்கள். வெயில் வந்ததும் அடியுங்கள். எந்த மாதமானாலும் லாக்கர் தின்னரோடு வேலை செய்யும்போது ஜன்னலைத் திறந்து, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். இதில் மட்டும் நான் விளையாட்டாகப் பேசுவதே இல்லை. நுரையீரலுக்கு உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடையாது.

கே: நாற்பது பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன், ஒன்றும் திறக்கவில்லை. (வேலூர்)

ப: இதைப் படித்து முடித்ததும் கைக்கு முதலில் அகப்படுவதைத் திறங்கள்.

கே: இந்தியக் கடற்படைக் கப்பல் செய்ய வேண்டும் என்று ஆசை. கடையில் கேட்டால் அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி என்கிறார்கள். (விசாகப்பட்டினத்தில் பணிபுரியும் தமிழர்)

ப: கடைக்காரரிடம் ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 600-ல் ஒன்று 'அஜாக்ஸ்' கேளுங்கள். பழைய கிட், தேடித்தான் பிடிக்க வேண்டும். அஜாக்ஸும் அக்கிலீஸும் ஒரே வகுப்புக் கப்பல்கள். 1939 டிசம்பர் 13 அன்று தென் அமெரிக்காவின் பிளேட் நதி முகத்துவாரத்துக்கு வெளியே ஜெர்மனியின் கிராஃப் ஸ்பேயை எதிர்த்து இரண்டும் சேர்ந்து சண்டை போட்டன. அந்த அக்கிலீஸை 1948-ல் இந்தியா வாங்கியது. அதுதான் பழைய ஐ.என்.எஸ். டெல்லி. அந்தச் சண்டையை, 1956-ல் வெளிவந்த சினிமாவாக எடுத்தபோது அக்கிலீஸ் வேஷத்துக்கு வந்து நடித்ததும் நம் டெல்லிதான், தன் வேஷத்தைத் தானே!

வேலை இப்படி: அஜாக்ஸ் கிட்டில் பின்பக்கம் இரண்டு பீரங்கிக் கூண்டுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கும். மேலே இருப்பதை ஒட்டாதீர்கள். அக்கிலீஸில் இருந்த அந்தக் கூண்டு போரின்போதே எடுக்கப்பட்டுவிட்டது. டெல்லிக்கு மூன்று கூண்டுகள், ஆறு பீரங்கிகள்தான். கூண்டு நின்ற வட்டத்தைப் புட்டி போட்டு அடைத்து, உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். கொடிமரங்களையும் சின்னத் துப்பாக்கிகளையும் புகைப்படத்தைப் பார்த்து மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் சினிமாவைப் போட்டு, கப்பல் வரும் இடமெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், டெல்லியே நின்று போஸ் கொடுக்கிறது. முடித்ததும் படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த இதழில் போட இடம் ஒதுக்கி வைக்கிறேன். துரு மட்டும் வேண்டாம்.