ஸ்லைடர் உந்தலியல்: ஒரு முன்னாய்வு

ஸ்லோ மோஷன் என்பது மெதுவாக எடுப்பதன்று. விரைவாக எடுத்து மெதுவாகக் காட்டுவது. நொடிக்கு 100 ஃபிரேம் வீதம் பதிந்து 25 ஃபிரேம் வீதம் ஓட்டினால் காலம் நான்கு மடங்கு நீளும். இந்நெறிக்கு 1904இல் காப்புரிமை பெற்றவர் ஆகுஸ்ட் முஸ்கர் என்னும் ஆஸ்திரியப் பாதிரியார். கேமராவைச் சக்கரத்தில் ஏற்றி நகர்த்தும் வழக்கம் 1914இல் வந்த 'கபிரியா' என்னும் இத்தாலியப் படத்தால் புகழ்பெற்றது. இவ்விரண்டின் வழித்தோன்றலான ஸ்லைடரே இன்று கல்யாண மண்டபத்தில் மணவறைக்கும் முதல் வரிசைப் பெரியவர்களுக்கும் இடையே இரண்டடித் தண்டவாளமாக நின்று, பின்னவரின் பார்வையை மறைக்கிறது.

முதற்கண் வேகம். கேமரா ஏறிய வண்டி இரண்டடியையும் கடக்க எட்டு நொடி எடுத்துக்கொண்டால் திரையில் அது 32 நொடியாகும். படம் ஸ்லைடரில் எடுத்ததா, ட்ரைபாடில் எடுத்ததா என்பதே பின்னர் ஆய்வுக்குரியதாகிவிடும். ஆகவே இரண்டு நொடியில் கடக்க வேண்டும். திரையில் எட்டு நொடி கிடைக்கும். மெதுவான படத்துக்கு வண்டி விரைய வேண்டும் என்பது புதியவர்க்கு முரணாகத் தோன்றும். பழையவர்க்கும் தோன்றும், வெளியே சொல்வதில்லை.

அடுத்து முன்பொருள். சட்டகத்தின் ஓரத்தில், கேமராவுக்கு அருகே, ஒரு குத்துவிளக்கோ மாலையோ இருந்தால்தான் நகர்வு கண்ணுக்குப் புலப்படும். இதில் கருத்து வேறுபாடு இல்லாமையால் எழுத வேறெதுவும் இல்லை.

உந்துதலில் அக்குறை இல்லை. நிற்கும் வண்டியைக் கிளப்ப வேண்டிய விசை, ஓடும் வண்டியை ஓட்ட வேண்டிய விசையினும் மிகுதி. எனவே விரலால் தள்ளினால் வண்டி முதலில் அடம்பிடித்துப் பிறகு துள்ளும். கைநடுக்கத்தை ஸ்லோ மோஷன் ஊஞ்சலாட்டமாக மாற்றிவிடும். இந்தத் துள்ளலையோ நான்கு மடங்கு அவகாசத்தில் அனைவருக்கும் விளக்கிக் காட்டும். இதற்கு மருந்து ரப்பர் பேண்ட். ஒரு முனையை வண்டியில் மாட்டி மறுமுனையை இழுத்தால், கையின் வெட்டுகளை ரப்பர் நீண்டு வாங்கிக்கொள்ளும். வண்டிக்குச் சீரான இழுவை மட்டும் சேரும்.

இங்கே அறிஞர் இழுநர், தள்ளுநர் என இரு சாராராகப் பிரிவர். இழுநருள்ளும் பார்சல் சாம்பார்ப் பொட்டலத்து ரப்பரே தகும் என்பார் ஒருவர். கல்லாப்பெட்டியில் ரூபாய்க் கட்டுக்குப் போடும் ரப்பர் என்பார் மற்றொருவர். நிறம் கூறாமையின் எந்நிறமும் கொள்க என்று உரைகாரர் அமைதி கண்டார். எந்நிறமும் என்ற உம்மையால் சாம்பார் படிந்ததும் அடங்கும் என்று உரைக்கு விளக்கம் எழுதியவர் கொண்டார். விளக்கத்துக்கு அடிக்குறிப்பு வரைந்தவர், அது எந்த ஊர்ச் சாம்பார் என்று வினவி, விடையை இரண்டாம் தொகுதிக்கு ஒத்திவைத்து, அத்தொகுதி அச்சில் இருப்பதாகப் பணி ஓய்வு பெறும்வரை சொல்லிவந்தார். தள்ளுநர் இவை அனைத்தையும் மறுத்து, கட்டைவிரலா சுட்டுவிரலா என்பதில் தமக்குள் பிளவுண்டனர். இரு சாராரும் ஸ்லைடரைத் தொட்டதற்குச் சான்றில்லை. அதனாலேயே அவர்தம் முடிவுகள் அனுபவத்தின் கறை படியாதவை.

தண்டவாளத்தில் தூசி இருந்தால் ரப்பராலும் பயனில்லை. வண்டி சிக்கி நிற்கும், ரப்பர் நீளும், திடீரென விடுபட்ட வண்டி பாயும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். இத்தீர்வு ஒரே வரியில் முடிந்துவிடுவதால் ஆய்வேடுகளில் இடம்பெறுவதில்லை.

நடுவில் ஒற்றை ட்ரைபாடு வைத்தால், வண்டி ஓரத்துக்குப் போகப் போகத் தண்டவாளம் அந்தப் பக்கம் சாயும். இரு முனைகளையும் தாங்க வேண்டும். டெலி லென்ஸ் சிறு அதிர்வையும் காட்டிக்கொடுக்கும். வைட் லென்ஸ் பொறுத்துக்கொள்ளும்.

ஒளி தனித் தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட்டு நொடிக்கு 100 முறை மினுங்கும். 120 ஃபிரேமில் எடுத்தால் தாளம் பொருந்தாமல் மணமக்கள் முகம் சிமிட்டும். 100 ஃபிரேமில் எடுத்தால் பெரும்பாலும் அடங்கும்.

எல்லாம் செய்தும் கிளம்பும் கணமும் நிற்கும் கணமும் கெடவே செய்யும். எடிட்டர் அவ்விரண்டையும் வெட்டி நடுப்பகுதியை மட்டும் கொள்வார். வெட்டிய துண்டுகளில் சித்தப்பா தெரிகிறார் என்று வீட்டார் அவற்றைத் தனிப் பென் டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்வர்.