அட்டவணை அப்பாவின் ஆறு இடங்கள்

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் என்று நாலு இரவுப் பயணம் கிளம்பும் சொகுசுக் கப்பலில் அவரை அடையாளம் காண்பது எளிது. முதல் நாள் மாலை எல்லோரும் மேல்தளத்தில் கடற்காற்று வாங்கிக்கொண்டிருக்க, அவர் மட்டும் பஃபே கூடத்தின் ஓரத்து மேசையில் ஒரு தாளை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எக்செல்லில் போட்டு, வண்ணம் கொடுத்து, அச்செடுத்த அட்டவணை. இடப்பக்கம் மணி, நடுவில் இடம், வலப்பக்கம் குறிப்பு. இரண்டு வயது இளையவன் அந்தத் தாளின் மூலையைத் தின்றுகொண்டிருப்பான். நாலு வயது மூத்தவள் மேசைக்கு அடியில் இருப்பாள். என்ன செய்கிறாள் என்று அம்மாவுக்கு மட்டும் தெரியும். இவர்தான் அட்டவணை அப்பா. அட்டவணை அம்மாக்களும் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் முதல் பயணத்தோடு திருந்திவிடுகிறார்கள். அப்பாக்கள் அட்டவணையைத் திருத்துகிறார்கள்.

பினாங்கில் கரையிறங்கும் நாளுக்கு அவர் வகுத்திருக்கும் திட்டத்தைப் பாருங்கள். கப்பல் காலை 8 மணிக்குத் துறை சேர்ந்து மாலை 4 மணிக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். அதற்குள் கெக் லோக் சி பௌத்த ஆலயம், பினாங்குக் குன்று ரயில், தண்ணீர்மலை முருகன், ஆர்மேனியன் தெருச் சுவரோவியம், லிட்டில் இந்தியா, கார்ன்வாலிஸ் கோட்டை என்று ஆறு இடங்கள். நடுவில் ‘12.10 முதல் 12.25 வரை சாப்பாடு’ என்று ஒரு கட்டம். இரண்டு வயதுப் பிள்ளை கால் மணி நேரத்தில் சாப்பிட்டு எழுந்த சரித்திரம் கிடையாது என்பதை அவர் தினமும் வீட்டில் கண்ணால் பார்க்கிறவர். போதாக்குறைக்கு, அலுவலகத்தில் இதே மனிதர் ஒரு வாரத்தில் முடியும் வேலைக்கு மூன்று வாரம் கேட்டு வாங்குகிறவர். ஆகவே விவரம் தெரியாதவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. என்னுடைய கட்சி வேறு. அந்த அட்டவணை குழந்தைகளுக்காக எழுதப்பட்டதல்ல, அவருக்காகக்கூட எழுதப்பட்டதல்ல. கப்பலிலேயே இல்லாத சிலருக்காக எழுதப்பட்டது. “பினாங்கு வரைக்கும் போயிட்டு கெக் லோக் சி பாக்கலையா?” என்று நாளைக்குக் கேட்கப்போகிற சகலை, மாடிவீட்டுக்காரர், பக்கத்து இருக்கை நண்பர் ஆகியோரே அதன் வாசகர்கள்.

வாசகர்கள் ஊரில் இருப்பதால்தான் கணக்கு துறைமுகத்தில் உதைக்கிறது. எட்டு மணி நேரம் என்பது தாளில் மட்டும். கப்பல் துறையில் கட்டப்பட்டு, அதிகாரிகள் அனுமதி கொடுத்து, தள்ளுவண்டியோடு லிஃப்டுக்காகக் காத்திருந்து, வருகிற லிஃப்டெல்லாம் நிறைந்தே வந்து, ஒருவழியாகத் தரையில் கால் வைக்க ஒரு மணி நேரம். புறப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் கப்பலேறிவிட வேண்டும் என்பது பொது விதி. அதில் ஒன்று போயிற்று. மிச்சம் ஆறு. கெக் லோக் சியும் குன்று ரயிலும் ஆயர் ஈத்தாம் பக்கம் உள்ளே தள்ளி இருக்கின்றன. தண்ணீர்மலை வேறு திசை. நெரிசலில் போக வர இரண்டு மணி நேரம். சாப்பாட்டுக்கு நியாயமாக ஒரு மணி. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் தந்த பரிந்துரைப்படி, 1 முதல் 2 வயதுக் குழந்தை பகல் தூக்கம் உட்பட ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும். 3 முதல் 5 வயதுக்கு 10 முதல் 13. பகல் தூக்கத்துக்குக் கஞ்சத்தனமாக ஒன்றரை மணி கொடுங்கள். டயப்பர், தண்ணீர், கழன்ற செருப்பு, கழற்றப்பட்ட செருப்பு, இவற்றுக்கு அரை மணி. கையில் மிஞ்சுவது ஒரு மணி நேரம். ஆறு இடங்களுக்கு வகுத்தால் இடத்துக்குப் பத்து நிமிடம். குன்று ரயில் 1923-இல் ஓடத் தொடங்கியது. 2011-இல் அதைப் புதுப்பித்து வேகம் கூட்டினார்கள். அதில் ஏற நிற்கும் வரிசையை யாரும் இன்னும் புதுப்பிக்கவில்லை.

தூக்கத்துக்கு அவரிடம் பதில் இருக்கிறது: “வண்டியில் தூங்கிக்குவாங்க.” தூங்குவார்கள்தான். ஆனால் கிளம்பியவுடன் தூங்க மாட்டார்கள். இடம் வந்து சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது தூங்குவார்கள். இப்போது இரண்டே வழிகள். பெற்றோரில் ஒருவர் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க, மற்றவர் பார்த்துவிட்டு வரலாம். இல்லையென்றால் எழுப்பி, கதறக் கதறத் தூக்கிக்கொண்டு, கெக் லோக் சியின் படிக்கட்டுகளில் ஏறலாம். அங்கே 30 மீட்டர் உயரத்துக்கு வெண்கலத்தில் நிற்பவள் குவான் யின், கருணைக்குரிய தெய்வம். அன்றைக்கு அவளுடைய கருணை முழுவதும் அந்த அப்பாவுக்கே தேவைப்படும்.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் தெருக்களுக்கு வருவோம். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர். பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடும் ‘ஐந்தடி நடைபாதை’ அதன் அழகுகளில் ஒன்று. வெயிலுக்கும் மழைக்கும் கூரை உண்டு. தள்ளுவண்டிக்குத்தான் வழியில்லை. கடைக்குக் கடை தளம் ஏறி இறங்கும்; நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும், மூட்டை இருக்கும், பூந்தொட்டி இருக்கும், ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எனவே வண்டியை மடித்து அப்பா தோளில் மாட்டிக்கொள்ள, அதில் வரவேண்டிய பிள்ளையை அம்மா இடுப்பில் சுமப்பாள். இப்படியே ஆர்மேனியன் தெருவில் எர்னஸ்ட் ஸகாரெவிச் 2012-இல் வரைந்த ஓவியத்தை அடைவார்கள். சுவரில் பதித்த நிஜ சைக்கிள். அதன்மேல் வரைந்த அக்காளும் தம்பியும். பக்கத்தில் தம் பிள்ளைகளை நிற்கவைத்து ஒரு படம் எடுப்பது அட்டவணையின் உச்சக் காட்சி. சுவரிலிருக்கும் இருவரும் இத்தனை வருடமாக அசையாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த மாதிரிப் பிள்ளைகளை மனதில் வைத்து அவர் அட்டவணை போட்டார் என்பது அங்கேதான் தெரியவருகிறது.

நான் அவர்மீது வீண்பழி போடவில்லை என்பதற்கு வலுவான சாட்சி ஒன்று உண்டு: நேரம் போதாமல் போகும்போது அவர் எதை வெட்டுகிறார் என்று கவனியுங்கள். கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து வெளியே வந்தால் விக்டோரியா மகாராணியின் நினைவு மணிக்கூண்டு. 60 ஆண்டு ஆட்சிக்கு ஆண்டுக்கு ஒன்றாக 60 அடி உயரம். அதையொட்டி கார்ன்வாலிஸ் கோட்டை, அப்பால் பச்சைப் புல்வெளி, கடலோர நடைபாதை. பிளாஸ்டிக் பூக்களால் தலை முதல் கால்வரை ஜோடித்த ரிக்‌ஷாக்கள். இரண்டு வயதுக்காரன் காலை முழுவதும் ஓடித் தீர்க்க இதைவிட நல்ல இடமில்லை. நாலு வயதுக்காரிக்கு அந்த ரிக்‌ஷா ஒன்றே போதும். முதலில் வெட்டுப்படுவது இதுதான். “இதுல என்ன இருக்கு, வெறும் புல்லு” என்று அடித்துவிடுவார். கடைசிவரை வெட்டப்படாதது பேர்பெற்ற ஆலயம். குழந்தைக்காக எழுதிய திட்டமாக இருந்தால் வெட்டு நேர்மாறாக விழுந்திருக்க வேண்டாமா? உடன் வந்திருக்கும் மாமியாரின் விருப்பத்துக்கும் இதே கதிதான். அட்டவணையில் நிஜமான ஆசை என்று ஒன்று இருந்தால் அது மாமியாருடைய தண்ணீர்மலை முருகன். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகளைப் பார்த்ததும், “மாப்பிள்ளை, நான் இங்கேருந்தே கும்பிட்டுக்கறேன், நீங்க போயிட்டு வாங்க” என்று நிழலில் உட்கார்ந்துவிடுவார். கூட்டத்திலேயே யதார்த்தம் தெரிந்தவர் அவர்தான். அவரிடம் யாரும் அட்டவணை கேட்கவில்லை.

இதற்கு மறுப்புகள் வரும், வரட்டும். “குழந்தைகளுக்கு உலகத்தைக் காட்ட வேண்டாமா, பிற்காலத்தில் நினைத்துப் பார்க்க மாட்டார்களா?” மாட்டார்கள். பெரியவர்களின் மிக முந்தைய நினைவு பொதுவாக மூன்று, மூன்றரை வயதிலிருந்துதான் தொடங்குகிறது என்பது உளவியலில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம். இளையவனுக்குப் பினாங்கு என்பது அப்பாவின் கைப்பேசியில் இருக்கும் படம்தான். மூத்தவளுக்கு ஏதாவது தங்கலாம். அது குவான் யின்னாக இருக்கும் என்று பந்தயம் கட்டாதீர்கள், லிஃப்ட் பொத்தானாக இருக்கலாம். “இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோமே?” கட்டியாயிற்று, வெயிலில் அலைந்தாலும் அலையாவிட்டாலும் அது திரும்பி வராது. “அப்படியானால் கப்பல்காரர்களின் சுற்றுலாவிலேயே போய்விடலாமே, தாமதமானாலும் கப்பல் விட்டுப் போகாதே?” இது மற்ற இரண்டையும்விட நல்ல கேள்வி. அந்தப் பாதுகாப்பு உண்மையானது. ஆனால் கப்பல் காத்திருக்கும், பேருந்து காத்திருக்காது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் பேருந்தின் வாசலில் ஒரு டயப்பர் மாற்றிப் பாருங்கள்.

திட்டமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. திட்டம் வேண்டிய இடங்களில் அவரிடம் திட்டமில்லை என்பதுதான் வேடிக்கை. புக்கெட்டில் பல கப்பல்கள் கரையைத் தொடாமல் படோங் கடற்கரைக்கு எட்ட நங்கூரமிட்டு, சிறு படகில் ஆளை இறக்குகின்றன. தள்ளுவண்டியை மடித்து, பிள்ளையைக் கையில் பிடித்து, ஆடும் படகில் ஏறியிறங்க வேண்டும். அட்டவணையில் இதற்குக் கட்டமே கிடையாது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் வைத்திருந்து, கைப்பேசி தானாக மாறிக்கொண்டால், உங்கள் கையில் மணி 3, கப்பலில் மணி 4. புக்கெட்டின் புத்தர் சிலைக்கு ஏழு நிமிட இடைவெளியோடு நேரம் குறித்தவர் இந்த ஒரு மணி நேரத்தைக் குறித்திருக்க மாட்டார். அதே போலத்தான் சோற்று விஷயமும். பஃபேயில் எடுத்த பழத்தையோ சமைத்த உணவையோ கரைக்குக் கொண்டுபோகப் பெரும்பாலும் விடுவதில்லை. உறை பிரிக்காத பிஸ்கட் போகும். பசித்த பிள்ளையோடு ஆயர் ஈத்தாம் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்ட நேரத்தில், முந்தின இரவே அம்மா பையில் ஒளித்துவைத்த பிஸ்கட் பொட்டலம்தான் அன்றைய நாளின் ஒரே வெற்றிபெற்ற திட்டம்.

கடைசியாக ஒரு மறுப்பு: “கப்பலிலேயே கிடப்பதற்கா வந்தோம்?” கரையிறங்கும் நாளில் பெரியவர்கள் பாதிப்பேர் வெளியே போய்விடுகிறார்கள். முந்தின நாள் சாய்வு நாற்காலிக்குத் துண்டு போட்டு இடம்பிடித்த அதே மேல்தளம் காலியாகக் கிடக்கும். லிஃப்ட் கூப்பிட்டவுடன் வரும். பஃபேயில் வரிசை இருக்காது. டயப்பர் கட்டிய குழந்தையைப் பொதுவாக நீச்சல்குளத்தில் இறக்க விடமாட்டார்கள் என்பதையும், பல கப்பல்களில் சிறுவர் கூடம் 3 வயது நிறைந்து டயப்பரை விட்ட பிள்ளைகளுக்கு மட்டுமே என்பதையும் முன்பதிவுக்கு முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். சின்னவர்களுக்கென்று தனியாகத் தண்ணீர் பீய்ச்சும் இடம் உள்ள கப்பல்களும் இருக்கின்றன. அப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் உருப்படியான திட்டமிடல். அட்டவணையின் ஆறு கட்டங்களிலும் அது இல்லை.

ஆகவே ஐந்து வயதுக்குள் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு என் தீர்ப்பு: பினாங்கில் நெரிசல் குறைந்தபின் நிதானமாக இறங்குங்கள். மணிக்கூண்டு, புல்வெளி, ஒரு ரிக்‌ஷா சவாரி, லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு. ஒரு மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிப் பிள்ளைகளோடு நீங்களும் தூங்குங்கள். சகலை கேட்டால் கெக் லோக் சி அடுத்த தடவை என்று சொல்லிவிடலாம். அவர் அதைக் கேட்பது, தான் போய்வந்த கதையைச் சொல்வதற்காகத்தான்.