யாரு பிடிவாதம் உனக்கு ஒத்துக்கும்?

வாடா பேராண்டி, இப்பிடி உக்காரு. திரும்பவும் லேப்டாப்பத் தொடச்சுட்டியாமே? லினக்ஸ்ல போன மாசம் க்னோம் டெஸ்க்டாப்புன்னே, அதுக்கு முந்தி கேடிஈன்னே, இப்ப ஐ3யாம். பரீட்சை வருதேடான்னு உங்கம்மா கேட்டா, டெஸ்க்டாப்பச் சரி பண்ணிட்டுப் படிக்க உக்காந்துருவேன்னு சொன்னியாம். உக்காருவ சாமி, உக்காருவ. என்ன அவசரம், அடுத்த வருசமும் பரீட்சை வைக்கத்தான செய்வாங்க.

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், எனக்கென்ன தெரியும். உங்க மாமன் லீவுக்கு வந்து திண்ணையில பேசுறதக் கேட்டதுதான். கேட்டதுல எனக்கு வெளங்குனதச் சொல்லுறேன். எந்தத் திரைக்குப் பின்னாலயும் ஒரு பிடிவாதக்காரன் உக்காந்திருக்கான். எவன் பிடிவாதத்தோட உன்னால குடித்தனம் பண்ண முடியும்னு பாரு.

ஜெர்மனியில ட்யூபிங்கன்னு ஒரு ஊரு. அங்க படிச்சுக்கிட்டிருந்த மத்தியாஸ் எட்ரிச்சுங்கிற பையனுக்கு, யூனிக்ஸ் திரையில ஒவ்வொரு புரோகிராமும் ஒவ்வொரு மூஞ்சியோட நிக்கிறது பொறுக்கல. 1996 அக்டோபர்ல கேடிஈய ஆரம்பிச்சான். ஆனா பட்டன், மெனுவெல்லாம் வரைய அவன் எடுத்துக்கிட்ட க்யூட்டி இருக்கே, நார்வேக் கம்பெனி ட்ரோல்டெக்கோட சரக்கு, அதோட லைசென்ஸ் முழுசாச் சுதந்திரமா இல்ல. விடுவாங்களா? மறு வருசம் ஆகஸ்ட்ல மெக்சிகோக்காரங்க மிகேல் டி இகாசாவும் ஃபெடரிக்கோ மெனாவும் க்னோம்னு தனி அடுப்பு வச்சுட்டாங்க. 2000-ல க்யூட்டி ஜிபிஎல்ங்கிற சுதந்திர லைசென்ஸுக்கே வந்துருச்சு. சண்டைக்கு இருந்த காரணம் போச்சு. ஒண்ணாச் சேந்தாங்களாங்கிற? நல்லாக் கேட்ட போ.

க்னோம்காரங்களுக்கு ஒரு குணம். உனக்கு எது வேணும்னு உன்னவிட அவங்களுக்கு நல்லாத் தெரியும். 2011 ஏப்ரல்ல க்னோம் 3 வந்தப்ப மினிமைஸ் பட்டனையே காணோம். எங்கடான்னு கேட்டா, கொண்டுபோய் வைக்கத்தான் கீழ பட்டையே இல்லியே, அப்புறம் பட்டன் எதுக்குன்னாங்க. பட்டைய எடுத்ததும் அவங்கதான்! சரி, எக்ஸ்டென்ஷன் போட்டுப் பழையபடி ஆக்கிக்கிறேன்னு நீ கெளம்புவ. ஆறு மாசத்துக்கு ஒருக்கா புதுசு வரும், நீ ஒட்டவச்சதுல ரெண்டு படுத்துக்கும். அப்பக் கோவிச்சுக்கிட்டவங்க கொஞ்சமா நஞ்சமா? க்னோம் 2-ஐ அப்பிடியே தூக்கிட்டுப் போயி மாத்தேன்னு ஒரு அடுப்பு மூட்டுனாங்க, லினக்ஸ் மின்ட்காரங்க சின்னமன்னு இன்னொண்ணு. உபுண்டு மட்டும் யூனிட்டின்னு தனியா ஆக்கிப் பாத்துட்டு, 2017-ல அத விட்டுட்டு க்னோமுக்கே வர்றதா அறிவிச்சுருச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும். க்னோம அது குடுத்தபடியே வச்சுக்கிட்டா, ஒரு தொந்தரவும் கிடையாது. உன்னால முடியாது, நீ கை சும்மா இருக்காத பய.

லினக்ஸ் கெர்னல எழுதுன லினஸ் டோர்வால்ட்ஸ் கதையும் இதுதான். கேடிஈய வச்சிருக்கச் சொல்லி ஊருக்கு உபதேசம் பண்ணுனாரு. 2008-ல கேடிஈ 4.0 அரைவேக்காடா வந்துச்சு, க்னோமுக்குப் போனாரு. க்னோம் 3 வந்துச்சு, திட்டிட்டு எக்ஸ்எஃப்சிஈக்குப் போனாரு. அப்புறம் சத்தமில்லாமத் திரும்ப க்னோமு. என்ன, அவரு இடையில கெர்னலும் எழுதிக்கிட்டிருந்தாரு. நீ என்ன எழுதுன?

கேடிஈ இப்ப ரொம்பத் தேறிருச்சு, பிளாஸ்மாங்கிறாங்க. அதோட பிடிவாதம் வேற தினுசு, எதையும் வேணாம்னு சொல்லாது. பட்டைய மேல வை, பக்கத்துல வை, டைட்டில்ல பட்டன் வரிசைய மாத்து, எல்லாத்துக்கும் ஒரு செட்டிங். கடிகாரத்து எழுத்தக் கொஞ்சம் பெருசாக்கலாம்னு ராத்திரி உள்ள போறவன், கோழி கூவும்போதுதான் வெளிய வருவான்.

இப்ப நீ பிடிச்சிருக்கியே, விண்டோ மேனேஜர், அதுக்கு வருவோம். விண்டோவ எங்க வைக்கணும், எவ்வளவு அகலம், எது முன்னால, அத்தோட அதோட வேலை முடிஞ்சது. ஐ3யில ரெண்டு விண்டோ தொறந்தா திரைய ரெண்டாப் பங்கு போடும், மவுஸத் தொடாம ஒரு விசையோட எண்ணச் சேத்து அமுக்குனா அந்த எண்ணுக்குரிய பணியிடத்துக்குத் தாவும். எழுதுன மைக்கேல் ஸ்டாபெல்பெர்க் கெட்டிக்காரர்தான், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா வால்பேப்பருக்கு ஃபெஹ், அறிவிப்புக்கு டன்ஸ்ட், நெழலுக்கும் மங்கலுக்கும் பிகாம், புரோகிராமத் தொறக்க ரோஃபி, பூட்டுறதுக்கு ஒண்ணு, சத்தத்தக் கூட்டிக் கொறைக்க ஒண்ணுன்னு நீதான ஒவ்வொண்ணாக் கட்டணும்? கட்டி முடிச்சா என்ன கிடைக்கும்? ஒரு டெஸ்க்டாப். அதத்தான மொதல்லயே சும்மா குடுத்தாங்க!

டிடபிள்யூஎம்னு இன்னொரு விண்டோ மேனேஜர், அதோட ஆளுங்க இன்னும் மேல. ஓரத்து நிறத்த மாத்தணும்னாக்கூட சி மொழியில இருக்க கோப்பத் திருத்தித் திரும்பக் கம்பைல் பண்ணணும். மொத்த நிரலும் 2000 வரியத் தாண்டக் கூடாதுன்னு சத்தியம். புதுசா வர்றவங்க வந்து அசட்டுக் கேள்வி கேக்காம இருக்கத்தான் இப்பிடின்னு அவங்களே ஒளிக்காமச் சொல்லுறாங்க. அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு.

இதுல, திரையக் காட்டுற பழைய எக்ஸ்11-க்குப் பதிலா வந்த வேலண்ட் வேற. 1987-லருந்து ஓடுற எக்ஸ்11-ல விண்டோ மேனேஜர் தனி ஆளு, கழட்டி வேற மாட்டிக்கலாம். வேலண்ட்ல திரையக் காட்டுறவனும் விண்டோவ அடுக்குறவனும் ஒரே ஆளு. அதனால ஐ3 அங்க வர முடியல, அத மாதிரியே ஸ்வேன்னு புதுசா எழுத வேண்டியதாப் போச்சு. நீ மனப்பாடம் பண்ணுன குறுக்குவிசையெல்லாம் அங்கயும் செல்லும், கவலப்படாத.

என்னையக் கேட்டா எக்ஸ்எஃப்சிஈ. 2015-ல 4.12 விட்டவங்க 4.14-ஐ 2019-லதான் விட்டாங்க. நாலு வருசத்துக்கு மேல! உனக்கு அது சோம்பேறித்தனம். எனக்கு, காலையில எந்திரிச்சா மெனு நேத்து இருந்த எடத்துல இருக்குங்கிற நிம்மதி. மெமரியும் கம்மியாத்தான் தின்னும். மிச்சம் பிடிச்சதையெல்லாம் நீ தொறந்து வச்சிருக்க பிரவுசர் தின்னுரும், அது வேற வயித்தெரிச்சல்.

சரி, பேசுனது போதும். ஊராட்சி ஆபீசுக்கு ஒரு மனு குடுக்கணும், தெருவெளக்கு எரியல. அந்த ஐ3யத் தொற, தமிழ்ல அடி, நான் சொல்லச் சொல்ல... என்னடா முழிக்கிற? தமிழ் அடிக்க உதவுற ஐபஸ்ஸ ஆரம்பிக்கச் சொல்லிக் கான்ஃபிக்ல எழுதலியா? க்னோம்ல செட்டிங்ஸ்லயே தமிழச் சேத்துருக்கலாமேடா. போகட்டும், அந்தப் பேனாவ எடு.