பதினெட்டுப் பக்கம் ஜெராக்ஸ் எடுக்க ஒரு விண்ணப்பம்

பெறுநர்: ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகத்தார் சமூகத்துக்கு

பொருள்: பாடம் நடத்த அனுமதி வேண்டுதல் தொடர்பாக

ஐயன்மீர்,

சென்னை எம்.கே.பி. நகர் சென்ட்ரல் அவென்யூ பக்கம் குடியிருக்கும் கல்லூரி வாத்தியார் எழுதிக்கொள்வது. உங்கள் புத்தகம் ஒன்றிலிருந்து பதினெட்டுப் பக்கம் என் பிள்ளைகளுக்கு வேண்டும். அதன் விலையோ அவர்களின் செமஸ்டர் கட்டணத்தைத் தாண்டி நிற்கிறது. ஜெராக்ஸ் போடலாமென்றால், பதிப்பகத்தின் அனுமதிக் கடிதம் எங்கே என்கிறது அலுவலகம். "சட்டமே அனுமதிக்கிறதே" என்றேன். "சட்டத்துல ரவுண்டு சீல் இல்லையே சார்" என்றார் கிளார்க். ஆகவே இவ்விண்ணப்பம்.

2012இல் நீங்கள் மூவரும் சேர்ந்து டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும், அதன் வளாகத்து ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீதும், பாடப் பக்கங்களை நகலெடுத்ததற்காக வழக்குத் தொடுத்த வீரத்தை மறக்க முடியுமா? கேட்ட நஷ்டஈடு 60 லட்சம். உங்கள் நூல்களை எழுதியவர்களிலேயே பலர் வழக்கு வேண்டாமென்று கையெழுத்துப் போட்டார்கள். அமர்த்தியா சென்னும் கடிதம் எழுதினார். எழுதுகிறவர் பேச்சைக் கேட்டா பதிப்பகம் நடத்துவது!

2016 செப்டம்பரில் நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் நகலெடுக்க 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே இடம் தருகிறது என்றார். ஜெராக்ஸ் பரவாத காலத்தில் மாணவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து கை வலிக்க எழுதியெடுத்ததையும் நினைவுபடுத்தினார். டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு, எத்தனை பக்கம் என்பதல்ல, பாடத்துக்குத் தேவையா என்பதுதான் கேள்வி என்று சொல்லி, வழக்கை மறுபடி விசாரணைக்கு அனுப்பியது. 2017 மார்ச்சில் நீங்களே வழக்கை வாபஸ் வாங்கினீர்கள். என்ன பெருந்தன்மை! அதைத்தான் எங்கள் அலுவலகம் இன்னும் நம்ப மறுக்கிறது.

எங்கள் ஏரியாவின் முழுப் பெயர் மகாகவி பாரதியார் நகர். பாரதியின் எழுத்துரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கி, பிறகு பொதுச்சொத்தாக விட்டது. அவரை நடத்த யாரும் சீல் கேட்பதில்லை. உங்கள் நூலாசிரியர்களுக்கோ இறந்த பின்னும் 60 ஆண்டு உரிமை உண்டு. காத்திருக்கலாம்தான்; ஆனால் செமஸ்டர் நவம்பரில் முடிகிறது.

கையோடு இவற்றுக்கும் அனுமதி தந்தால் புண்ணியம்: உங்கள் பத்தியைப் போர்டில் எழுதுவது, அதைப் பிள்ளைகள் செல்போனில் படம் பிடிப்பது, ஒருத்தி மனப்பாடம் செய்து பரீட்சையில் அப்படியே இறக்குவது. (கடைசியதற்கும் அதே 52ஆம் பிரிவு விலக்கு தருகிறது. இருந்தாலும் பெரியவர்கள் வாயால் ஒரு வார்த்தை.)

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாத்தியார்

பின்குறிப்பு: அனுமதிக் கடிதத்தோடு மூன்று நகல் இணைக்கவும். அலுவலகத்தில் ஜெராக்ஸ் இல்லாமல் எதையும் வாங்க மாட்டார்கள்.