பதினாறு மூலிகையும் ஒரு பிரஷரும்

கே: பெங்களூருவில் வேலை பார்க்கும் மருமகன் சீன மூலிகை மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். பதினாறு மூலிகைக் கூட்டாம், பிரஷரை வேரோடு எடுத்துவிடுமாம். சாப்பிடட்டுமா?
(ஒரு மாமனார், பாரூர்)

ப: மருமகன் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியாது, புரிகிறது. வாங்கி வையுங்கள், வாயில் போடாதீர்கள். அட்டையின் பின்பக்கத்தை அவரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். சீன எழுத்தாக இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

சீனாவில் 'ஜென்ஜூ' என்றொரு பிரஷர் மாத்திரை உண்டு. முத்துச்சிப்பித் தூள், காட்டுச் சாமந்தி என்று கேட்கவே குளுகுளுவென்று இருக்கும். அதே மாத்திரைக்குள் குளோனிடின், ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற இரண்டு இங்கிலீஷ் மருந்துகளும் உட்கார்ந்திருக்கின்றன. ஒளிவுமறைவு இல்லை, அங்கே எல்லோருக்கும் தெரிந்த கூட்டுதான். ஆனால் குளோனிடினைத் தொடர்ந்து சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், பிரஷர் பழைய அளவையும் தாண்டி எகிறும். "மூலிகைதானே, நாலு நாள் விட்டால் என்ன?" என்று நினைக்கிற ஆளுக்கு அது ஆபத்து.

கே: இங்கிலீஷ் மருந்து கலக்காத சுத்தமான சீனக் கூட்டு?
(அதே மாமனார், விடாமல்)

ப: 'தியன்மா கௌதெங் யின்' என்ற கஷாயம் பேர் பெற்றது. மருத்துவச் சோதனைகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2012ல் அதை எடுத்து அலசியது. அவர்கள் அளவுகோலுக்குத் தேறிய சோதனை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பலிக்காது என்று அதற்குப் பொருள் இல்லை. பலிக்கிறது என்று ஒழுங்காக யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

கே: சீனாக்காரனுக்கு ஒரு கூட்டு இருக்கிறது. நம் நாட்டில் எதுவுமே கிடையாதா?
(ஒரு ஆசிரியர், போச்சம்பள்ளி)

ப: அந்தச் சீனாக்காரனே நம் சரக்கைத்தான் சாப்பிட்டான், சார்! பெய்ஜிங்கின் புகழ்பெற்ற 'ஜீரோ நம்பர்' பிரஷர் மாத்திரையில் நாலு மருந்து. அதில் ஒன்று ரெசர்பின். உலகம் அதை முதலில் பிரித்தெடுத்தது நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து.

கதை பெரிது. 1931ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், இந்த வேர் பித்துக்கும் ரத்தக்கொதிப்புக்கும் உதவுகிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டு டெல்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திகி வேரிலிருந்து சில சத்துகளைப் பிரித்து, ஒன்றுக்குத் தன் புரவலர் ஹகீம் அஜ்மல் கான் பெயரால் அஜ்மலின் என்று பெயர் வைத்தார். 1934ல் ஹிமாலயா கம்பெனி 'சர்பினா' மாத்திரையைக் கொண்டுவந்தது. பர்மாவில் மிரண்ட யானைகளுக்கு இந்த வேரைக் கொடுத்து அடக்கியதை நிறுவனர் மனால் பார்த்தாராம். கம்பெனி சொல்லும் கதை. யானையே அடங்கினால் மாமனார் அடங்க மாட்டாரா என்று தோன்றியிருக்கும்.

உலகம் காது கொடுத்தது 1949ல். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளுக்குக் கொடுத்து, பிரஷரை அளந்து, பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். மூன்றே வருடத்தில், 1952ல், சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி ரெசர்பினைப் பிரித்தது. அதையே வேறு மருந்துகளோடு சேர்த்து 'அடல்பேன்' என்று நமக்கே விற்றது. உங்கள் தாத்தாவின் மருந்துப் பெட்டியில் இருந்திருக்கலாம்.

வேர் நூற்றாண்டுகளாக இருந்தது. வக்கீல் சேர்த்தது ஒரு அளவுக் கருவியும் ஒரு நோட்டுப் புத்தகமும்.

கே: அப்படியென்றால் வேரையே இடித்துக் குடிக்கலாமே?
(நாட்டு மருந்து அபிமானி, காவேரிப்பட்டணம்)

ப: ரெசர்பின் மாத்திரையின் அளவு கால் மில்லிகிராமும் அதற்குக் கீழும். உங்கள் உரல் அந்தக் கணக்குப் பார்க்குமா? கூடினால் மூக்கடைப்பு, நாடி மந்தம், மனச்சோர்வு. அதனால்தான் மருத்துவர்கள் இன்று அதை முதலில் எழுதுவதில்லை.

கே: தொண்டைக்கு அதிமதுரம் சாப்பிடுகிறேன். பிரஷர் மாத்திரை வேலை செய்யவில்லை என்கிறார் டாக்டர். சம்பந்தம் உண்டா?
(பாடகி, கிருஷ்ணகிரி)

ப: நிறையவே. அதிமதுரத்தின் இனிப்புச் சத்து, சிறுநீரகத்தில் ஒரு நொதியைத் தடுத்து, உடம்பில் உப்பைத் தங்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பிரஷர் ஏறும். சீனக் கூட்டுகள் பலவற்றிலும் அதிமதுரம் உண்டு என்பதைப் பாரூர் மாமனாரிடம் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் டாக்டரிடம் அதிமதுரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

கே: ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து எழுதிவிட்டார். என் கேஸ் முற்றிவிட்டதா?
(ஓசூர்)

ப: இல்லை. இரண்டு வழியில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது, ஒன்றையே ஏற்றிக்கொண்டு போவதைவிடப் பல சமயம் நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2019லேயே இப்படிப்பட்ட கூட்டு மாத்திரைகளை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கூட்டு என்றால் தப்பு என்று நான் சொல்லவே இல்லை. எது எவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டும்.

கே: சிப்காட்டில் மாறி மாறி ஷிப்ட். மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி போகவே நேரமில்லை.
(ஓசூர்)

ப: மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் ஒரு முறை பதிந்துகொள்ளுங்கள். ஷிப்ட் மாறினால் எத்தனை மணிக்குப் போடுவது என்றும் அங்கேயே கேளுங்கள்.

கே: "பிரஷர் 30 நாளில் குணம்" என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர்...
(ராயக்கோட்டை)

ப: ரத்த அழுத்தம் குணமாகும் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். போஸ்டரை மாட்டுக்கு விடுங்கள்.

கே: ஊறுகாய் கூடாதாம். மாங்காய் மாவட்டத்தில் பிறந்துவிட்டு இப்படியா?
(பர்கூர்)

ப: மாங்காயை யார் தடுத்தார்கள்? நாளுக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம்; ஒரு தேக்கரண்டிகூட இல்லை. ஜாடியில் கை விட்டால் பாதி அங்கேயே போய்விடும். பழமாகச் சாப்பிடுங்கள். சர்க்கரையும் இருந்தால், அந்தக் கேள்வியை அடுத்த இதழுக்கு அனுப்புங்கள்.